விளையாட்டிலிருந்து விலக்குக் கடிதம் கேட்டு வராதீர்கள்

கடந்த வாரம் டவுன் சிண்ட்ரோம் (அறிவுசார் குறைபாட்டோடு வரும் ஒரு பிறவி நிலை) உள்ள 14 வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் எங்கள் இயன்முறை சிகிச்சை மையத்துக்கு அழைத்து வந்தார். முழங்கால் வலி, முதுகுவலி என்று எதுவுமில்லை. "பி.டி. பீரியடில் இவனை விளையாட விட வேண்டாம் என்று ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கள் டாக்டர், பள்ளியில் கேட்கிறார்கள்" என்றார். இப்படிக் கேட்டு வருபவர்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பும் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அப்படியிருக்க, விலக்குக் கடிதத்தைப் பள்ளியே கேட்டு அனுப்புவதுதான் எரிச்சலூட்டுகிறது.

"அவனுக்கு ஒன்றும் புரியாதே" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாக்கியம். அறிவுசார் குறைபாடு உள்ளவர் மெதுவாகக் கற்கிறார், கற்காமல் இருப்பதில்லை. மைதானத்தின் நடுவே நின்று மூச்சுவிடாமல் ஆறு விதிகளை அடுக்கினால் எந்தப் பிள்ளைக்கும் புரியாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளையைச் சொல்லி, நாமே ஓடிக் காட்டி, அவனைக் கூடவே ஓட வைத்து, மறுநாளும் அதையே செய்தால், விசில் ஊதியதும் கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும் என்பது சில வாரங்களில் அவன் உடம்பில் பதிந்துவிடும். வாயால் விளக்கத் தெரியாத விதியைக் காலால் கடைப்பிடிக்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். தெலங்கானாவைச் சேர்ந்த தீப்தி ஜீவன்ஜி, 2024இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பாரா (மாற்றுத்திறனாளிகளுக்கான) தடகளப் போட்டியில் அறிவுசார் குறைபாடுடையோர் பிரிவில் 400 மீட்டரை 55.07 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் வெண்கலமும் வென்றார். புரியாமலா ஓடினார்?

எல்லோரும் தீப்தி ஆக வேண்டியதில்லை. அறிவுசார் குறைபாடுடையோருக்கென்றே 1968இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இயக்கத்தில் வயது, பாலினம் ஆகியவற்றோடு திறனையும் அளந்து, ஏறக்குறைய ஒரே வேகமுடையவர்களை ஒரு பிரிவில் ஓட விடுகிறார்கள். ஆகவே 100 மீட்டரை மிக மெதுவாகக் கடப்பவருக்கும் உண்மையான போட்டி கிடைக்கிறது. எட்டு வயதிலிருந்து போட்டியிடலாம், மேல் வயது வரம்பு கிடையாது. 2023 பெர்லின் உலகப் போட்டியில் இந்திய அணி 202 பதக்கங்களுடன் திரும்பியது. (இதையும் பாராலிம்பிக்கையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசும் அலுவலர்களிடம் வாதாடிக் களைத்துவிட்டேன்.)

எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் உண்டு. அவற்றைத்தான் யாரும் என்னிடம் கேட்பதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கிடையே பிணைப்பு தளர்வாக இருக்கும். ஆகவே மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும்வரை குட்டிக்கரணமும், தலைகீழாக நீரில் பாய்வதும், கால்பந்தைத் தலையால் முட்டுவதும் வேண்டாம். கழுத்துவலி, நடையில் புதிதாகத் தள்ளாட்டம், கையில் வலுக்குறைவு, அடக்க முடியாமல் சிறுநீர் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பயிற்சியை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இவர்களில் பலருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருப்பதால், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திராவிட்டால் முதலில் எடுத்துவிடுங்கள். வலிப்பு நோய் உள்ள ஒருவரை ஓட விடலாம், பந்து விளையாட விடலாம். ஆனால் நீச்சல் குளத்தில் அவருக்கென்றே ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அன்றைய மாத்திரை தவறியிருந்தால் குளத்துப் பக்கமே போகக்கூடாது. தாகம் எடுக்கிறது, கால் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளைகள் உண்டு என்பதால், கேட்டுக்கொண்டிராமல் கால்மணிக்கொரு முறை தண்ணீர் கொடுங்கள்.

அந்தத் தாயாருக்கு நானும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவன் செய்யக்கூடாத மூன்று அசைவுகளையும், செய்ய வேண்டிய பயிற்சிகளையும் அதில் குறித்திருந்தேன். தட்டைப் பாதம் என்பதால் குதிகாலைப் பிடித்து நிறுத்தும் ஷூ வாங்கச் சொன்னேன். கயிறு கட்ட அவனுக்கு இன்னும் வரவில்லை, ஆகவே ஒட்டும் பட்டை வைத்ததாக இருக்கட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.