எண்ணூர் முகத்துவாரத்துக்கு விலை கேட்பது எப்படி?

காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் ஒரு கூடை வஞ்சிரத்துக்குச் சில நொடிகளில் விலை படிந்துவிடும். அந்த மீன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த அறிவை யாரும் ஏலம் விடுவதில்லை. நீரோட்டத்தை வண்ணி, தெண்டி என்று பெயர் சொல்லி அடையாளம் காண்பவர்கள் நம் குப்பங்களில் இருக்கிறார்கள். கொஞ்சம் வடக்கே, பழவேற்காட்டு ஏரியில், யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் 'பாடு' வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. இதெல்லாம் சந்தைக்கு வராது. வராததால் பல திட்டக் கணக்குகளில் இதன் மதிப்பு பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தை மாற்றப் பொருளியலாளர்கள் கண்டுபிடித்த வழி, மக்களிடமே கேட்பது. "இதைக் காப்பாற்ற வருடம் 100 ரூபாய் தருவீர்களா?" என்று சிலரிடம், 300, 500 என்று வேறு சிலரிடம். ஆமாம், இல்லை என்றால் போதும். தொகை ஏற ஏற 'ஆமாம்' குறையும். அது குறையும் வேகத்திலிருந்து ஒரு குடும்பம் வைக்கும் மதிப்பைக் கணக்கிடலாம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது, பெரும்பாலும் அந்தக் கடலைப் பார்த்தே இராத அமெரிக்கக் குடும்பங்களிடம் இப்படிக் கேட்டார்கள். வந்த மதிப்பு சுமார் 280 கோடி டாலர்.

சரி, எண்ணூரில் கேட்டால்? 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் முகத்துவாரமே எண்ணெய்ப் படலமானது. கழிமுகத்துச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பவரிடம் போய் "எவ்வளவு தருவீர்கள்?" என்றால், அவர் மடியில் இருப்பதுதான் பதிலாக வரும். "இனி இங்கே இறங்கக் கூடாது என்றால், எவ்வளவு வாங்கிக்கொள்வீர்கள்?" என்று கேட்டால் தொகை பல மடங்கு ஏறும். 1993இல், இப்படிக் கேட்கும் முறையை ஆராய்ந்த, பொருளியலாளர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான அமெரிக்க நிபுணர் குழு முதல் கேள்வியைத்தான் பரிந்துரைத்தது. அதில் தொகை மிகையாகாது என்பது காரணம். ஆனால் முதல் கேள்வி, கழிமுகம் அவருடையது இல்லை என்று முன்பே முடிவுகட்டிவிடுகிறது. இங்கே இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும் என்பேன்.

அப்போது "எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்" என்றும் சிலர் சொல்வார்கள். இதற்கு எதிர்ப்பு விடை என்று பெயர். இவற்றை ஒதுக்கிவிட்டுச் சராசரி போடுவது பரவலான வழக்கம். எண்ணூரில் ஒதுக்கவே கூடாது. தனியாக எண்ணி, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.