0.1 விழுக்காடு: சிங்கப்பூரின் கரிமக் கணக்கு எழுதப்படும் விதம்

தீபாவளிக்கு மறுநாள், மதியச் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தபோது மாமா ஆரம்பித்தார். "உலகம் வெளியிடும் புகையில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடு. நாம் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு வியர்வையில் நனைந்து உட்கார்ந்தால் பூமி குளிர்ந்துவிடுமா?" அக்கா மகள் பல்கலைக்கழகத்தில் படிப்பவள், விடவில்லை. "தலைக்குக் கணக்குப் பாருங்கள் தாத்தா, ஆளுக்குப் பத்து டன் வருகிறது" என்றாள்.

இருவர் சொன்னதும் சரிதான். நாடு ஆண்டுக்கு வெளியிடும் புகை ஏறக்குறைய 60 மில்லியன் டன். அந்த ஒரே எண்ணை மாமா உலகத்தோடு ஒப்பிட்டார், அவள் 60 லட்சம் மக்களுக்குப் பங்கிட்டாள். நாடாளுமன்றத்திலும் காப்பிக்கடையிலும் நடக்கும் பருவநிலை வாதங்களில் பாதி இந்த இரண்டில் ஒன்றுதான். அந்த 60 மில்லியன் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு அதில்தான் ஆர்வம்.

எந்தப் புகைபோக்கியின் வாயிலும் தராசு வைத்து நிறுப்பதில்லை. எரிபொருளை நிறுத்தாலே போதும், ஏனென்றால் கரிம அணு எரிந்து மறைவதில்லை. இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். 16 கிராம் மீத்தேன் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு வரும். ஒரு கிலோ எரித்தால் 2.75 கிலோ. போட்டதைவிட வந்தது அதிகமாக இருப்பது மாயமல்ல. காற்றிலிருந்த ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வதால் எடை கூடுகிறது.

இதை வைத்து நம் வீட்டு மின்சாரத்தையே கணக்குப் போடலாம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3.6 மெகாஜூல் ஆற்றல். நல்ல எரிவாயு மின்நிலையம் வெப்பத்தில் சுமார் பாதியை மின்சாரமாக மாற்றும். ஆக 7.2 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 50 மெகாஜூல் தருவதால் 144 கிராம் எரிக்க வேண்டும். அதை 2.75ஆல் பெருக்கினால் 400 கிராம் கரியமில வாயு. சிங்கப்பூர் அதிகாரபூர்வமாக வெளியிடும் எண்ணும் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.4 கிலோதான். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்து வருவதால் கணக்கு இவ்வளவு எளிதாகப் பொருந்துகிறது.

நான்கறை வீவக வீடு (அரசு அடுக்குமாடி வீடு) ஒன்று மாதம் 350 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 140 கிலோ கரியமில வாயு. கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கியது. 2024இல் 25 வெள்ளி, 2026இலும் 2027இலும் 45 வெள்ளி. 140 கிலோவுக்கு 45 வெள்ளி விகிதத்தில் 6 வெள்ளி 30 காசு. இந்த வரியை வீட்டிடம் யாரும் நேராகக் கேட்பதில்லை. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் வெளியிடும் ஆலைகளும் மின்நிலையங்களும்தான் கட்டுகின்றன. அது மின்கட்டணத்துக்குள் கரைந்து நம்மிடம் வருகிறது.

"ஒரு கையால் வரி, மறு கையால் யு-சேவ் கழிவு, இதற்கு என்ன பொருள்?" என்பது அடிக்கடி கேட்கும் கேலி. யு-சேவ் என்பது வீவக வீடுகளின் மின், தண்ணீர்க் கட்டணத்தில் அரசு தரும் தள்ளுபடி. இங்கே அரசின் பக்கம்தான் கணக்கு நிற்கிறது. கழிவு வீட்டின் வகையைப் பொறுத்து நிலையாகக் கிடைக்கிறது, மின்சாரம் கூடினாலும் குறைந்தாலும் மாறுவதில்லை. ஆனால் கூடுதலாக எரியும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வரி சேர்ந்த விலையைத்தான் கொடுக்கிறோம். விலை உறுத்த வேண்டிய இடத்தில் உறுத்துகிறது. உலகச் சந்தையில் போட்டியிடும் பெரிய ஆலைகளுக்குத் தரப்படும் வரிச் சலுகையைப் பற்றி இவ்வளவு மனநிறைவோடு என்னால் பேச முடியாது.

குளிர்சாதனத்தைப் பற்றி மாமாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பழைய கருவிகளில் இருக்கும் ஆர்-410ஏ வாயு, கரியமில வாயுவைப்போல் சுமார் 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அது ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கணக்கில் ஏறும். அதாவது மேலே சொன்ன வீட்டின் பதினான்கு மாத மின்சாரம், சத்தமில்லாமல் போய்விடுகிறது. அதனால்தான் 2022 அக்டோபர் முதல் வீட்டுக் குளிர்சாதனங்களில் 750 மடங்குக்கு மேற்பட்ட வாயுக்களுக்குக் கட்டுப்பாடு வந்தது.

இனி இலக்குகள். 2015இல் சிங்கப்பூர் கொடுத்த வாக்கு, 2030க்குள் வெளியேற்றச் செறிவை 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 36 விழுக்காடு குறைப்பது. செறிவு என்றால் பொருளாதாரத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு புகை என்பது. நீரிழிவுக்காரர் ஒருவர் தேநீரை "சியு டாய்" என்று சர்க்கரை குறைத்து வாங்குகிறார், ஆனால் இரண்டு கோப்பை குடித்த இடத்தில் நான்கு குடிக்கிறார் என்றால் மருத்துவர் மகிழமாட்டார். 2020இல்தான் கணக்கு மொத்தப் புகைக்கு மாறியது: 2030 வாக்கில் உச்சம் 65 மில்லியன் டன். 2022இல் அதை இறுக்கினார்கள்: 2030இல் சுமார் 60 மில்லியன் டன், 2050இல் நிகரப் பூஜ்ஜியம், அதாவது வெளியிடும் அளவும் நீக்கும் அளவும் சமமாவது. 2025 பிப்ரவரியில் 2035க்கு 45 முதல் 50 மில்லியன் என்று சேர்த்தார்கள். 2019 செப்டம்பரில் ஹோங் லிம் பூங்காவில் கூடிய இளையர்களுக்கு இது போதாமல் இருக்கலாம். இருந்தாலும் கோப்பையை விட்டுவிட்டுச் சர்க்கரை டப்பாவைப் பார்க்கத் தொடங்கியதைப் பெரிய மாற்றம் என்றே நான் சொல்வேன்.

அந்த டப்பாவுக்குள் எது சேரும்? உலக விதி எளிது: புகை எங்கே கிளம்பியதோ அந்த நாட்டின் கணக்கு. வெளிநாட்டுக்குப் போகும் எண்ணெயை ஜூரோங் தீவில் சுத்திகரிக்கும்போது வரும் புகை நம் பேரேட்டில். நாம் உண்ணும் பொன்னி அரிசிக்காக நீர் நின்ற வயலில் கிளம்பும் மீத்தேன் இந்தியாவின் பேரேட்டில். நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி என்பதால் தட்டில் இருக்கும் பெரும்பகுதி நம் கணக்கில் வராது. லாவோசிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 2022 ஜூன் முதல் நீர்மின்சாரம் வந்தது; 2035க்குள் 6 கிகாவாட் குறைகரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது திட்டம். அங்கே அணைக்கட்டு ஆற்றுக்கும் மீனவருக்கும் என்ன செய்கிறது என்பதற்கு இந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது.

கப்பல்தான் பெரிய ஓட்டை. கப்பல் எரிபொருள் விற்பனையில் உலகின் முதல் துறைமுகம் சிங்கப்பூர். 2024இல் விற்றது ஏறக்குறைய 55 மில்லியன் டன். ஒரு டன் எரிந்தால் சுமார் 3.1 டன் கரியமில வாயு என்று வைத்தால் 170 மில்லியன் டன் வருகிறது. நாட்டின் 2030 இலக்கைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பன்னாட்டுக் கப்பலிலும் விமானத்திலும் எரியும் எண்ணெயை எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்ப்பதில்லை, தனிக் குறிப்பாக எழுதிவைப்பதோடு சரி.

இதைச் சொன்னதும் மாமா, "அது நம் புகையில்லை. சீனாவின் சரக்கை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகும் கப்பல், நடுவில் எண்ணெய் போட்டால் பழி நமக்கா?" என்றார். நியாயமான வாதம். முழுவதையும் நம் தலையில் கட்டினால், கப்பல்கள் அடுத்த துறைமுகத்தில் எண்ணெய் போடும், ஒரு கிராம் புகையும் குறையாது. ஆனால் இதே மாமாதான் சற்று முன்பு 0.1 என்ற எண்ணை வாளைப்போல் சுழற்றியவர். அந்தச் சிறிய எண் சிறியதாக இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம் என்றேன். அவர் வெற்றிலையைத் தேடினார்.

இந்தப் புகைக்கு விலை வைக்கும் பொறுப்பு லண்டனில் இருக்கும் அனைத்துலகக் கடல்துறை அமைப்பிடம் இருக்கிறது. அதற்கான திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் கொள்கை அளவில் ஒப்புதல் கிடைத்தது. அதை இறுதியாக ஏற்பதற்காக அதே ஆண்டு அக்டோபரில் நடந்த கூட்டம், முடிவை ஓராண்டுக்கு ஒத்திவைத்துக் கலைந்தது.