நத்தாரும் ஜாஸும் ஆளில்லாத கலையகமும்

டிசம்பர் 20 தாண்டினால் எங்கள் கலையகத்தில் ஆள் பிடிப்பது பெரும்பாடு. ஒருவருக்குக் கரோல் ஒத்திகை, இன்னொருவர் மன்னாருக்கு வெளிக்கிட்டிருப்பார், மற்றவரின் அக்கா குடும்பம் ரொறன்ரோவில் இருந்து வந்திறங்கியிருக்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் வாயைத் திறப்பார்: "பாட்டுகளை அடுக்கி ஓடவிட்டிட்டுப் போவம். ரெண்டு நாள்தானே, ஆர் கேக்கப் போகினம்?"

யாழ்ப்பாணத்தில் வானொலி நிகழ்ச்சி தயாரிக்கத் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அந்தக் கதையை ஒரு காலத்தில் நானும் கதைத்தவன்தான். இப்போது யாராவது கதைத்தால் கோபம் வருகிறது. இணைய வானொலி என்று ஒரு மடிக்கணினியோடு தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

யார் கேட்கிறார்கள் என்பதற்கு, இரவு 9 மணி ஜாஸ் நிகழ்ச்சிக்கு வரும் வட்ஸ்அப் குரல் செய்திகளே போதும். பெரியாஸ்பத்திரியில் இரவுக் கடமை பார்க்கும் தாதி. ஏடிஎம் வாசலில் கதிரை போட்டிருக்கும் காவலாளி. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், கரவெட்டியில் தனியே இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். கொழும்பு பஸ் சாரதி ஒருவர் கொடிகாமம் தாண்டும்வரை கேட்பார். நமக்கு 9 மணி என்றால் லண்டனில் பிற்பகல் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. அங்கே வேலைத்தலத்தில் காதில் செருகிக்கொண்டு கேட்பவர்களும் உண்டு. வீடு நிறையச் சனமும் கேக்கும் பலகாரமுமாக இருப்பவர்கள் அந்த நேரத்தில் ரேடியோ போடமாட்டார்கள். போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சுத்துணை தேவைப்படுகிறது.

அவர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? ஒருமுறை வேறொரு நிலையத்தின் கணினியில் நத்தார்க் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். 46 பாட்டுகள். ஒன்று மூன்றரை நிமிடம் என்று வைத்தாலும் எல்லாம் சேர்ந்து இரண்டே முக்கால் மணி நேரம்கூட வராது. அதை நாள் முழுக்கச் சுழலவிட்டால் ஒரே பாட்டு ஒன்பது தடவை வரும். எட்டு மணி நேரக் கடமையில் இருக்கிற தாதி ஒரே மணியோசையை மூன்று தடவை கேட்டாக வேண்டும். பண்டிகைப் பாட்டு என்றாலே சலிப்பு என்று சொல்பவர்களை நான் குறை சொல்வதில்லை.

சரி, யாழ்ப்பாணத்துக்கு ஏன் ஜாஸ்? இதைக் கேட்காத ஆளில்லை. எனக்கு இது அதிசயமான கேள்வியாகவே படுவதில்லை. கோயில் திருவிழாவில் விடியும்வரை மேளச்சமா கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். அளவெட்டித் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் பற்றி இன்றைக்கும் நேற்றுக் கேட்டதுபோலப் பேசுகிற ஊர். ஒரு கீர்த்தனையை எடுத்து, பல்லவியைத் துலக்கமாக நிறுத்தி, பிறகு அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போய் எப்படித் திரும்பி வருகிறான் என்று பார்க்கிற காது நம்முடையது. ஜாஸ்காரனும் இதைத்தான் செய்கிறான். முதலில் மெட்டு, பிறகு அந்த மெட்டின் அடித்தளத்தில் ஆளுக்காள் கற்பனை, கடைசியில் மீண்டும் மெட்டு.

ஆனால் ஒரு சிக்கல். கீர்த்தனை தெரிந்தவனுக்குத்தான் கற்பனாஸ்வரத்தின் சுகம் தெரியும். ஜாஸ் பிடிபடவில்லை என்பவர்களிடம் இசை அறிவு இல்லாமல் இல்லை; அவர்களுக்கு அடிமெட்டு தெரியாது, அவ்வளவுதான். எங்கிருந்து விலகுகிறான் என்று தெரியாவிட்டால் விலகல் எப்படி ருசிக்கும்? நத்தார்க் காலத்தில் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது. கரோல் மெட்டுகள் சைவ வீட்டுப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் பாடியிருப்பார்கள், குருநகர்ப் பக்கம் போனால் காதில் விழும். அந்த மெட்டை ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் கொஞ்சம் பிந்தி எடுத்து, ஒரு சொல்லை நீட்டி, அடுத்ததைக் கடித்துப் பாடும்போது என்ன நடக்கிறது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வருடத்தில் ஜாஸை அறிமுகப்படுத்த வாய்ப்பான ஒரே மாதம் டிசம்பர் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அதனால் நிகழ்ச்சியை அடுக்கும்போது ஒரே மெட்டை இரண்டு தடவை போடுவேன். முதலில் பாட்டோடு, உடனே அடுத்ததாக வாத்தியத்தில். அடுக்கத் தெரியாதவன் என்று முதல் வருடம் என்னைச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு நேயர், "அண்ணை, ரெண்டாவது ஆள் நடுவிலை பாட்டை விட்டிட்டு எங்கையோ போட்டு வந்து, சரியா அந்த இடத்திலை ஏறினார்" என்று குரல் செய்தி அனுப்பினார். எனக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு நாள் ஜோன் கோல்ட்ரேனின் 1960ஆம் ஆண்டுப் பதிவொன்று போட்டேன். பிராட்வே மேடை நாடகம் ஒன்றில் வந்த பாட்டு. அதில் நத்தார் என்ற சொல்லே கிடையாது. பனி, பொதி, சறுக்குவண்டி மணி என்று வருவதால் அமெரிக்காவில் அது மெல்ல மெல்லப் பண்டிகைப் பாட்டுகளோடு சேர்ந்துவிட்டது. கோல்ட்ரேன் அதைச் சொப்ரானோ சக்ஸபோனில் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் வாசிக்கிறார். பியானோ ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வர, மேலே அவர் விரித்துக்கொண்டே போவார். நிகழ்ச்சி முடிய முன்னமே இணுவில் பக்கமிருந்து ஒரு வயதான குரல்: "தம்பி, உது ஆற்றை நாயனம்?" நாயனம் இல்லை ஐயா, சக்ஸபோன் என்றேன். அவர் நம்பவில்லை. நேராக நீண்டு, அடியில் விரியும் குழல். வாயில் சீவாளி போலவே ஒரு நாணல். அவர் காதில் பிழையில்லை. அடுத்த நாள் டேவ் புருபெக் குழுவின் 1959ஆம் ஆண்டு ஐந்தடித் தாளப் பாட்டைப் போட்டுவிட்டு, "ஐயாவுக்காக, கண்டசாபு" என்று மட்டும் சொன்னேன். போனில் வந்த பதிலில் பேச்சே இல்லை, மேசையில் தகதகிட என்று தட்டும் சத்தம் மட்டும். இந்தப் புருபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கைக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள். ஜாஸ் நமக்குப் புதிசு என்பவர்களுக்கு இதையும் சொல்லிவைக்கிறேன்.

வெண்பனிப் பாட்டுகள் விஷயத்திலும் இதேபோல ஒரு முறைப்பாடு வரும். மாரி வெள்ளத்துக்குள் நிற்கிற எங்களுக்கு ஸ்னோ என்ன ஸ்னோ? நியாயம்தான். ஆனால் நட் கிங் கோல் 1946இல் பதிவுசெய்த, நெருப்பில் கொட்டைகள் வறுபடும் அந்தப் புகழ்பெற்ற நத்தார்ப் பாட்டை மெல் டோர்மேயும் பொப் வெல்ஸும் எழுதியது 1945 கோடை வெக்கையில். புழுக்கம் தாங்காமல் குளிரை நினைத்து எழுதத் தொடங்கியதுதான் பாட்டானது. இதைச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால் சாவகச்சேரியில் இருப்பவருக்கும் அது சொந்தமாகிவிடும். சொல்லாமல் போட்டால் வெறும் இறக்குமதிச் சரக்கு. ஒரு ஆள் மைக் முன்னால் இருப்பதன் பயன் இந்த இரண்டு வசனத்தில் இருக்கிறது. கணினி பாட்டை மட்டும்தான் போடும்.

எப்படிச் சொல்வது என்பதற்கு எனக்கு முன்மாதிரி வில்லிஸ் கொனோவர். 1955 முதல் வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர். ஆங்கிலம் தாய்மொழியல்லாத உலகம் கேட்கிறது என்று தெரிந்து, ஆறுதலாக, சொல் சொல்லாகப் பேசினார். நம் அறிவிப்பாளர்களோ நத்தார் என்றதும் குதிரையில் ஏறிவிடுகிறார்கள். இரவு 9 மணிக்குத் தனியே இருப்பவரின் அறைக்குள் அந்தக் கூச்சல் எதற்கு? வாசித்தவர் பெயரை முன்னும் பின்னும் இரண்டு தடவை சொல்லுங்கள். எழுதிவைத்துக்கொள்ள நினைப்பவர் பேனா தேட வேண்டாமா?

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். கலையகத்தின் பெரிய ஒலிபெருக்கியில் டபுள் பாஸ் நெஞ்சில் வந்து இடிக்கும். அதன் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. கைத்தொலைபேசியின் சின்ன ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. பாஸும் தூரிகையால் தடவும் டிரம்ஸும் மட்டும் உள்ள பகுதி வந்தால் நேயருக்கு ரேடியோ நின்றுவிட்டது போலத்தான். அத்தோடு டிசம்பரில் தகரக் கூரையில் மழை வேறு. ஒரு மழை இரவில் என் வீட்டுத் தகரக் கொட்டிலுக்குள் போனை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். மெல்லிய பியானோ முழுக்க மழையோடு போய்விட்டது. ட்ரம்பெட்டும் வைப்ரபோனும் தப்பின. அன்றிலிருந்து மழை நாளுக்கென்று தனி அடுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். சத்தத்தைச் சமப்படுத்தும் கொம்பிரஸரைத் திருகி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்குவது சுகமான வழி. ஆனால் ஜாஸில் தணிவதும் எழுவதும் போனால் மிச்சமென்ன?

காப்புரிமை பற்றி ஒரு சொல்: யூடியூப்பில் இறக்கியது உங்களுடையதல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தை ஒரு தடவையாவது படியுங்கள்.

இனி நாட்காட்டி. அமெரிக்காவில் சில நிலையங்கள் நவம்பர் நடுவிலேயே முழுநேர நத்தார்ப் பாட்டுக்கு மாறிவிடும். அந்த அட்டவணையைப் பார்த்து இங்கே ஒருவர் தொடங்கியதைக் கண்டேன். நவம்பர் கடைசிக் கிழமை எங்கள் பகுதியில் எத்தனை வீடுகளில் யாரை நினைத்து விளக்கு எரிகிறது என்று தெரியாமல் அந்த வேலை செய்யக்கூடாது. டிசம்பர் பிறக்க முன்னம் மணியோசை வேண்டாம். அதேபோல மார்கழி விடியற்காலை திருவெம்பாவைக்கு உரியது. சங்கும் சேமக்கலமுமாகப் பெடியள் ஒழுங்கைக்குள் வரும் நேரத்தில் பிக் பாண்ட் ட்ரம்பெட் தேவையில்லை. இவை இரண்டும் யாரும் சொல்லாமலே விளங்க வேண்டியவை.

26ஆம் திகதியில்தான் நான் பிழைவிட்டேன்.

2004 சுனாமிக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.25 தொடக்கம் 9.27 வரை நாடு முழுக்க இரண்டு நிமிட மௌனம். அப்போது நான் வேலைசெய்த நிலையத்தில் அந்த இரண்டு நிமிடத்தையும் அட்டவணையில் கவனமாக ஏற்றினேன். 9.25க்கு வெற்று ஒலி, 9.27க்கு அமைதியான பியானோ. மற்றதெல்லாம் தானாக ஓடும். கலையகத்தைப் பூட்டி, காவலாளியிடம் திறப்பைக்கூடக் கொடுக்காமல், 24ஆம் திகதி மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒலிபரப்பு வழியில் சைலன்ஸ் டிடெக்டர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. எங்களுடையது இருபது விநாடிக்குச் சத்தம் வராவிட்டால் ஏதோ பழுது என்று எடுத்துக்கொண்டு, அவசரத்துக்கென்று வைத்த பாட்டைத் தானே போட்டுவிடும். நல்ல பெட்டி, வருடத்தில் 364 நாளும் அது நம்மைக் காப்பாற்றும். அந்த மாதம் அவசரப் பாட்டாக யாரோ ஒரு நத்தார்ப் பாட்டை மாற்றி வைத்திருந்தார்கள். யாரோ என்ன, நான்தான்.

பக்கத்து வீட்டில் தந்த ரோல்ஸைச் சூடுகாட்டிக்கொண்டிருந்தேன். 9.25 ஆனதும் என் ரேடியோவில் மௌனம். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதாவது விநாடியில் ட்ரம்பெட்டுகளும் சறுக்குவண்டி மணிகளும் ஒன்றாக வெடித்தன. காவலாளிக்குப் போன் அடித்தேன், கதவு பூட்டு. மோட்டார் சைக்கிளைக் கிளப்பினாலும் பதினைந்து நிமிடம். கையில் இடுக்கியோடு நின்று கேட்டதுதான். 9.27க்கு அட்டவணைப்படி பியானோ வந்தது, ட்ரம்பெட் பாதியில் அறுந்தது, ஒன்றுமே நடக்காததுபோல.

கலையகத் தொலைபேசியை என் போனுக்குத் திருப்பியிருந்தேன். ஒரே ஒரு அழைப்புத்தான் வந்தது. வடமராட்சி கிழக்கு, உடுத்துறைப் பக்கத்து அம்மா ஒருவர். ஏசவில்லை.

"தம்பி, உங்கட ரேடியோவிலை ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இல்லையம்மா, அது மெஷின்..."

"இல்லை, எனக்கு நினைவிடத்துக்குப் போக ஏலாது, கால். வீட்டிலை விளக்கு வச்சுக்கொண்டு உங்கட ரேடியோவிலைதான் நேரம் பாத்துக்கொண்டிருந்தனான்."

மன்னிப்புக் கேட்டேன். சரி தம்பி என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு எந்த நிலையத்தில் இருந்தாலும் என் பட்டியலில் முதலில் வருவது 26ஆம் திகதி காலையில் யார் என்பதுதான். பாட்டுகளை அதற்குப் பிறகு அடுக்கலாம். அவசரப் பாட்டாக எந்தப் பருவத்துக்கும் பொருந்தும் தனி வீணை ஒன்றை வைத்திருக்கிறோம். பெட்டியின் முகப்பில் சிவப்புப் பேனாவால் "26 காலை 9.20: நிறுத்து, 9.30: போடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறது. ஒட்டினாலும் நம்புவதில்லை. பெரும்பாலும் நானே போய்விடுவேன். 25 இரவு ஜாஸ் நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போகாமல் கலையகத்திலேயே பாய் போட்டுப் படுத்த வருடமும் உண்டு.

9.25க்கு மைக்கைத் திறந்து வைத்துக்கொள்வேன். வெற்று ஒலிக் கோப்பைப் போடுவதில்லை. திறந்த மைக்கில் கலையக விசிறியின் சத்தம் மெல்லியதாகப் போகும், கதிரை அசைந்தால் அதுவும் போகும். 9.27க்குப் பாட்டுத் தொடங்க முன்னம் ஒரே ஒரு வசனம் சொல்லுவேன்.

"நேரம் ஒன்பது மணி இருபத்தேழு நிமிடம்."