புது ரவை வந்திருக்காம், மாறுவமா சேர்?

போன கிழமை பிள்ளைகளுக்குச் சுடுற ட்ரெய்னிங் குடுத்து முடிஞ்சு ரைபிள துடைச்சு வச்சிட்டு இருக்கேக்க வெள்ளவத்தைல இருந்து வாற தம்பி ஒருத்தன் போனக் கொண்டுவந்து நீட்டினான். யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் புது துவக்கு ரவை ஒண்டப் பத்தி அரை மணித்தியாலமா கதைக்கிறார், வேகம் இவ்வளவு, தூரம் இவ்வளவு, பழசுக்கெல்லாம் இனி வேலை இல்லையாம். "சேர், இனி எல்லாரும் இதுக்குத்தான் மாறுவாங்களாம், நாங்களும் மாறுவமா?" எண்டு கேட்டான். ராவு அவன்ட அப்பாவும் கோல் எடுத்து அதையேதான் கேட்டார், அதான் இத எழுதுறன்.

வேகம் மட்டும் ஒரு ரவைய நிலைக்க வைக்காது. 1955ல அமெரிக்கால ஒரே வருசம் ரெண்டு ரவை வந்திச்சு, .243 வின்செஸ்டர், .244 ரெமிங்டன். ரெண்டுக்கும் சன்னம், அதாவது குழலால பறந்து போற துண்டு, ஒரே 6 மில்லிமீற்றர், இன்னும் சொன்னா .244ன்ட கோதுக்குள்ளதான், அதாவது சன்னத்தையும் மருந்தையும் பிடிச்சு வச்சிருக்கிற உலோகக் கூட்டுக்குள்ளதான், மருந்து கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஆனா தோத்தது அதுதான். குழலுக்குள்ள சன்னத்த சுழல வைக்கிற வரி இருக்குதானே, .243 ரைபிள்ல 10 இஞ்சிக்கு ஒரு சுத்து, .244ல 12 இஞ்சிக்கு ஒரு சுத்து. சுத்து காணாட்டி நீளமான பாரமான சன்னம் தள்ளாடிக்கொண்டுதான் போகும். ரெமிங்டன்காரங்க சின்ன மிருகங்கள மனசில வச்சு செஞ்சாங்க, வாங்க வந்த சனத்துக்கோ அதே துவக்கால மானும் அடிக்க வேணும், 100 கிரெய்ன் (சன்னத்தின்ட நிறையச் சொல்ற அளவு) சன்னம் வேணும். பிறகு சுத்தக் கூட்டி, 1963ல 6 எம்.எம். ரெமிங்டன் எண்டு பேரையும் மாத்திப் பாத்தாங்க, அதுக்குள்ள சனம் .243 பக்கம் போய்ச் சேந்திட்டுது.

இப்ப 6.5 கிரீட்மோர் எண்ட ரவைய எடுங்க, வந்தது 2007ல. அதே சன்னத்த கிட்டத்தட்ட அதே வேகத்தில விடுற .260 ரெமிங்டன் 10 வருசத்துக்கு முதலே, 1997ல வந்திட்டுது. ஆனா கிரீட்மோர் வரேக்க நீளமான சன்னம் மகசினுக்குள்ள அடங்கிற மாதிரி கோத கட்டையாக்கி, அதுக்கேத்த 8 இஞ்சிச் சுத்துக் குழலோட ரைபிளும், போட்டிக்குச் சுடக்கூடிய ரெடிமேட் ரவையும் ஒண்டா கடைக்கு வந்திச்சு. வாங்கினவன் பெட்டிய உடைச்சு நேரா ரேஞ்சுக்குப் போகலாம். என்ட கணக்கில விசயமே இதுதான்.

ரிம்ஃபயர் எண்டா இன்னும் கஷ்டம். அதில அடிமருந்து கோதுன்ட விளிம்புக்குள்ளயே இருக்கு, ஊசி அடிச்சு விளிம்பு நசிஞ்சா அதோட சரி, மற்ற ரவை மாதிரி வீட்டில திரும்ப மருந்து நிரப்பலாம் எண்ட கதை இல்ல. 1970 அளவில 5 எம்.எம். ரெமிங்டன் மேக்னம் எண்டு ஒரு ரிம்ஃபயர் வந்திச்சு, அருமையான ரவை, ஆனா கொஞ்ச வருசத்தில ரைபிள் செய்யிறத நிப்பாட்டினாங்க, பிறகு ரவையும் நிண்டுட்டுது. வாங்கினவங்கட கையில புதுப்பொலிவோட ஒரு ரைபிள் இருக்கு, உள்ளுக்குப் போட ஒண்டும் இல்ல. அமெரிக்காலயே அந்த நிலமை எண்டா கொழும்பில இருக்கிற எங்களுக்கு என்ன நடக்கும் எண்டு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, இங்க 1916ல வந்த துவக்குச் சட்டம் இண்டைக்கும் நடைமுறைல இருக்கு, ஒரு பெட்டி ரவை இறக்கவும் பாதுகாப்பு அமைச்சின்ட அனுமதி வேணும்.

பிள்ளைகள போட்டிக்கு விடுற பெற்றோருக்கு ஒண்டு சொல்லணும். ஒலிம்பிக்கில ரைபிளுக்கும் பிஸ்டலுக்கும் ரெண்டே ரெண்டுதான், 10 மீற்றருக்கு 4.5 மில்லிமீற்றர் எயார் பெலட், 25க்கும் 50க்கும் .22 எல்.ஆர்., லோங் ரைபிள் எண்ட சின்ன ரிம்ஃபயர் ரவை. அந்த .22 வந்தது 1887ல. விதியே அதத்தான் கேக்குது, எந்தப் புது ரவை வந்தாலும் உங்கட பிள்ளைன்ட ஸ்கோர் அதால ஏறாது.

இன்னொண்டு, இத லேசா எடுக்காதீங்க. புது ரவை வரவர ஒண்டப் போல ஒண்டு இருக்கும். .300 பிளாக்அவுட் எண்ட ரவை .223 எண்ட இன்னொரு ரவைன்ட கோத வெட்டிச் செஞ்சது, அதனால .223 துவக்குக்குள்ள சில நேரம் போய் மூடியும் விடும், ஆனா சன்னம் குழல விடப் பெரிசு, சுட்டா துவக்கு வெடிக்கும். ஊரில காவலுக்கு 12 போர் வச்சிருக்கிற சொந்தக்காரர் இருந்தா அவங்களுக்கும் சொல்லுங்க, 20 போர் தோட்டாவ மாறிப் போட்டா அது வழுக்கிப்போய் குழல்ல சிக்கி நிக்கும், துவக்கு வெறுமையா இருக்கு எண்டு நினைச்சு பின்னால 12 போர் ஒண்டப் போட்டு சுட்டா குழல் பிளந்திடும். 20 போர மஞ்சள் நிறத்தில செய்யிறதே இதுக்காகத்தான். சுட முதல் குழலுக்குள்ளயும் பாருங்க, கோதுன்ட அடியில வெட்டியிருக்கிற எழுத்தையும் வாசியுங்க.

அந்தத் தம்பிக்கு நான் பதில் சொல்லல, அடுத்த நாள் ஒரே கொம்பனின்ட .22 பெட்டி மூண்டு குடுத்தன், லொட் நம்பர், அதாவது ஒரே தடவையில செஞ்ச தொகுதின்ட இலக்கம், மட்டும் வேற வேற. அவன்ட ரைபிள ஸ்டாண்டில வச்சு 50 மீற்றர்ல ஒவ்வொண்டிலயும் 10 சுடச் சொன்னன். ரெண்டு லொட் பத்து ரூவாக் குத்தி அளவுக்குப் பரவிச்சு, மூண்டாவது 10 சன்னமும் ஒரே கிழிசலா, சுண்டுவிரல் நுழையிற ஓட்டை. பேப்பர லைட்டுக்கு எதிரா பிடிச்சுக் கனநேரம் பாத்திட்டு நம்பரக் கொப்பில எழுதினான், "சேர், இந்த நம்பர்ல இன்னும் எத்தினை பெட்டி மிச்சம் இருக்கு?" எண்டு கேட்டான்.