ஒலித்துணுக்கா, ஒலியனா?

இலங்கை மலையகத்து அட்டனில் ஓர் ஆசிரியர் பயிற்சி. பேசும் சொல்லின் ஒலிகளைப் பிள்ளையின் மூளை எப்படி அடையாளம் காண்கிறது என்று பாடம். நல்ல பாடம். ஆனால் கையேட்டில் ‘ஃபோனீம்’ (மாற்றினால் சொல்லின் பொருளே மாறிவிடும் மிகச் சிறிய ஒலி அலகு) வரவேண்டிய இடமெல்லாம் ‘ஒலித்துணுக்கு’. இப்படி நான் பார்ப்பது மூன்றாவது கையேடு.

ஃபோனீம் கிரேக்க வேரில் பிறந்து, 1873இல் பிரெஞ்சில் மொழியியல் சொல்லானது. நம் மொழியியலார் ‘ஒலியன்’ என்கிறார்கள்.

துணுக்கு என்றால் நறுக்கி எடுத்தது. பேச்சை எங்கே நறுக்குவது? ‘கூடை’ என்று சொல்லிப் பாருங்கள். க் வெளிவரும் முன்பே உதடு ஊகாரத்துக்குக் குவிந்துவிடும். ‘கீரை’ என்னும்போது அதே க்-க்கு உதடு விரியும். கத்தி வைக்க இடமே இல்லை.

‘கங்காணி’யை எடுங்கள். முதல் ககரம் வல்லென்று வரும், ங்-க்கு அடுத்தது மெத்தென்று வரும். காதுக்குள் போவது இரண்டு ஓசை. தமிழ் மூளை இரண்டையும் ஒன்றாகவே கணக்கு வைக்கிறது. துணுக்கு என்றால் இங்கே இரண்டு, ஒலியன் ஒன்றுதான். சிங்களத்தில் அந்தக் கணக்கு செல்லாது. மெத்தென்று ‘கஹ’ என்றால் மரம், வல்லென்று சொன்னால் மஞ்சள் நிறம். பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம் கேட்டு வளரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை இரண்டு கணக்கையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய காரியம்! தன்னைச் சுற்றிப் புழங்காத வேறுபாடுகளைப் பிரித்துக் கேட்கும் கூர்மை குழந்தைக்கு ஒரு வயதுக்குள்ளேயே மங்கத் தொடங்கிவிடும்.

தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அதட்டிச் சொல்லும் ‘கொழுந்து’ வேறு ஓசை, அம்மாயி முணுமுணுக்கும் ‘கொழுந்து’ வேறு ஓசை. காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதி இரண்டையும் ஒரே சொல்லாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பகுதி பழுதானவர்களுக்குக் காது கேட்டும் பேச்சு புரியாமல் போவதை 1874இலேயே ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே எழுதிவிட்டார்.

ஒலியனில் உள்ள ‘அன்’ ஆண்பால் விகுதி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். கடுக்கனும் விரியனும் ஆண்பாலா? ‘எழுத்து’ என்றே சொல்லலாமே என்பவர்களை மதிக்கிறேன். தொல்காப்பியம் சொல்லும் 30 எழுத்தும் ஒலிதான். ஆனால் இன்று எழுத்து என்றால் பிள்ளை பென்சிலைத் தேடும்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் பார்த்தால் போதாது. சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லி, வகுப்பில் நிற்கும் ஒருவரிடம் கேட்டிருந்தால் துணுக்கு வந்திருக்காது. என் பிரதியில் எல்லாத் துணுக்கையும் அடித்து ‘ஒலியன்’ என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை எட்டிப் பார்த்தார். கங்காணியைச் சொல்லிக் காட்டினேன். அவரும் பேனாவைத் திறந்தார்.