புங்தாங்: கட்சியும் அல்ல, கோஷ்டியும் அல்ல

கொரிய வரலாற்றுத் தொடர் ஒன்றின் தமிழ்க் குரலில் "கிழக்குக் கட்சித் தலைவர் வந்திருக்கிறார்" என்று கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பிழையை எத்தனை தடவைதான் கேட்பது? தொடரில் வரும் கொரிய மன்னர் சோன்ஜோ ஆண்டது 1567 முதல் 1608 வரை. அந்த அரசவையில் கட்சி ஏது? கொடியா, தேர்தலா, உறுப்பினர் அட்டையா?

மூலச் சொல் புங்தாங்: அந்த அரசவையின் அறிஞர்-அதிகாரிகள் பிரிந்து நின்ற குழுக்களின் பெயர். சீன எழுத்தில் 'புங்' என்றால் நட்பு, 'தாங்' என்றால் கூட்டு. இன்றைய அரசியல் கட்சியைக் கொரியர்கள் ஜோங்தாங் என்கிறார்கள். அவர்களே இரண்டு சொல் வைத்திருக்கும்போது நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்?

கட்சி வேண்டாம் என்றால் 'கோஷ்டி' என்கிறார்கள். இதை இன்னும் கடுமையாக எதிர்க்கிறேன். வடசொல் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அதில் ஒட்டியிருக்கும் இழிவு. கொரியர்கள் பிறவியிலேயே பிளவுபடும் குணத்தினர் என்று நிறுவ முயன்றது ஜப்பானிய ஆட்சிக்கால வரலாற்றெழுத்து. 'கோஷ்டிப் பூசலால் நாடு அழிந்தது' என்று எழுதும் தமிழர், தம்மை அறியாமலே அந்தக் குரலில் பேசுகிறார். புங்தாங்குகளுக்குப் பின்னால் ஆசான்கள் இருந்தார்கள், மாணவர் வழி இருந்தது, அரசு எப்படி நடக்க வேண்டும் என்ற வாதம் இருந்தது. பதவிச் சண்டையும் இருந்தது; அது மட்டுமே இருக்கவில்லை. 'அணி' என்றால் ஒரே தளபதியின் கட்டளை நினைவுக்கு வருகிறது, அதுவும் பொருந்தாது.

நம்மிடம் 'கன்னை' இருக்கிறது. விளையாட்டில் பிரிந்து நிற்கும் பக்கத்துக்கு உரிய பழஞ்சொல். ஈழத்து எழுத்தில் அரசியல் பிளவுக்கும் வழங்குகிறது. 1575-இல் நடந்ததும் கன்னை பிரிதல்தான். அதிகாரிகளை நியமிக்கும் துறையின் ஒரு பதவியை ஒட்டி கிம் ஹ்யோ-வோனும் சிம் உய்-கியோமும் மோதினார்கள். முன்னவர் வீடு தலைநகரின் கிழக்கே, பின்னவர் வீடு மேற்கே. ஆகவே தோங்-இன், சோ-இன்: கிழக்கு ஆள், மேற்கு ஆள். கீழத்தெருவார், மேலத்தெருவார் என்று நாம் சொல்வதைப் போன்ற பெயர். 'கிழக்குக் கட்சி' என்று எழுதினால் நாட்டின் கிழக்குப் பகுதிக் கட்சி என்றல்லவா படிப்பவர் நினைப்பார்? கீழைக் கன்னை, மேலைக் கன்னை என்று எழுதுங்கள். கீழைக் கன்னை பின்னர் தெற்கு, வடக்கு என்று மறுபடி உடைந்ததையும் இதே சொல்லால் சொல்லிவிடலாம்.

சொல் தவறினால் வரலாறும் தவறிப்போகும் இடம் ஒன்று உண்டு. 1590-இல் ஜப்பானுக்குப் போன தூதர்கள் மறு ஆண்டு திரும்பினார்கள். தலைமைத் தூதர் ஹ்வாங் யுன்-கில் மேலைக் கன்னை. படையெடுப்பு நிச்சயம், ஜப்பானை ஆளும் ஹிதேயோஷியின் கண்கள் ஒளிவிடுகின்றன என்றார். துணைத் தூதர் கிம் சோங்-இல் கீழைக் கன்னை. அவை எலிக் கண்கள், அஞ்ச வேண்டாம் என்றார். 1592-இல் ஜப்பானியப் படை பூசானில் இறங்கியது. மன்னர் தலைநகரை விட்டு வடக்கே உய்ஜு வரை ஓடினார். 'கட்சிக்காரர்கள் கட்சிப்படி பேசினார்கள்' என்று மொழிபெயர்ப்பாளர்கள் இதை முடித்துவிடுகிறார்கள். அதே தூதுக்குழுவின் செயலர் ஹோ சோங்கும் கீழைக் கன்னைதான். அவர் ஹ்வாங்கின் பக்கம் நின்று, போர் வரும் என்றார். கட்சி என்று எழுதினால் அவர் கட்சி மாறியவர் ஆகிவிடுவார். அவர் எங்கும் மாறவில்லை. தன் கன்னையில் இருந்துகொண்டே தான் கண்டதைச் சொன்னார்.