"அவங்களுக்கு இது பழக்கம்தானே டாக்டர்?"

போன வாரம் இரவுப் பணியில் மறுபடியும் இரண்டு உடல்கள். செப்டிக் டேங்கில் இறங்கியவருக்கு வயது 23. தூக்கிவிடப் போனவர் அவருடைய சித்தப்பா. இளையவரின் இடுப்பில் இருந்த வெள்ளி அரைஞாண் கறுத்துப் போயிருந்தது. கழிவு அழுகும்போது வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு இருந்தால் வெள்ளி அப்படித்தான் ஆகும்.

அந்த டேங்க் இருந்த வீட்டுக்காரரும் கூடவே வந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அவர் கேட்டதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. தாத்தா அள்ளினார், அப்பா அள்ளினார் என்பதற்காகப் பேரனின் நுரையீரல் விஷவாயுவைத் தாங்காது. மூன்று தலைமுறை இல்லை, முப்பது தலைமுறை ஆனாலும் தாங்காது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. 'அவங்களுக்கு நாத்தம் தெரியாது' என்று நீங்கள் சொல்வது இதைத்தான். ஆபத்து முற்றிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அப்புறம் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். குடித்திருந்தாரா என்று கேட்காதீர்கள், குடிக்காதவரும் அப்படித்தான் சாய்வார்.

பழக்கம் ஊருக்குத்தான். இந்த வேலையை ஒரு சாராரின் பிறப்போடு கட்டிவைத்தது சாதி. அது வேலை செய்பவர்களையே பிரித்துவைத்தது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். தூய்மைப் பணியாளர்களுக்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024-இல் கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் பெரும்பாலும் அருந்ததியர். இறந்த இளைஞர் ஐ.டி.ஐ. முடித்தவராம். வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் எந்தத் தெரு என்று விசாரித்தார்களாம், அவருடைய அக்கா சொன்னார்.

சரி, இனி செய்ய வேண்டியது. ஆளைக் கூப்பிடாதீர்கள், கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள், 14420 என்ற உதவி எண்ணில் கேளுங்கள். அடியில் கட்டி இருக்கிறது, இறங்கித்தான் எடுக்கணும் என்று வேலைக்கு வந்தவரே சொன்னாலும் விடாதீர்கள். மூடியைத் திறந்துவைத்தால் மட்டும் வாயு போய்விடாது. தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது, மீத்தேன் வெடிக்கும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அது வீட்டுக்காரருக்கும் பொருந்தும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், தயவுசெய்து, பின்னாலேயே இறங்காதீர்கள். 101-க்குச் சொல்லிவிட்டு, சுவாசக் கருவியோடு தீயணைப்பு வீரர்கள் வரும்வரை மற்றவர்களையும் பிடித்து நிறுத்துங்கள். அந்தச் சித்தப்பாவை யாராவது பிடித்து நிறுத்தியிருக்கலாம்.